அத்திப்பள்ளியில் நின்ற பஸ்

அம்மாவைப் பெங்களூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது எனக்கு ஏழு வயது, தம்பிக்கு நான்கு. ஓசூர் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். ஒரு அறை, ஒரு சமையலறை. தரையும் கல் பலகை, கூரையும் கல் பலகை. அப்பா தேன்கனிக்கோட்டைக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர்.

அம்மாவுக்கு நெஞ்சில் சளி என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தார்கள். உண்மையான பெயரை அடுத்த வீட்டு அம்மாள் தன் மகளை அதட்டும்போதுதான் கேட்டேன். "அவுங்க வூட்டு வாசப்படி மிதிச்சே, காலை ஒடிச்சிடுவேன். சயரோகம் ஒட்டிக்கும்." அந்தப் பெண்ணும் நானும் தினமும் கல்லாங்காய் ஆடுகிறவர்கள். மறுநாள் அவள் தன் ஐந்து கற்களை எடுத்துக்கொண்டு தெருவின் அந்தக் கோடிக்குப் போய்விட்டாள். நாங்கள் போனால் மற்றப் பிள்ளைகளும் எழுந்துபோனார்கள். தம்பிக்கு அது புரியவில்லை. அவர்கள் ஏதோ ஓடிப்பிடிக்கிற விளையாட்டு ஆடுவதாக நினைத்து, சிரித்துக்கொண்டே பின்னால் ஓடினான்.

எங்களைப் பார்த்துக்கொள்ளக் கிருஷ்ணகிரியிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் கடைசித் தங்கை. பதினெட்டு வயது. முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும், அதனால் சிரிக்கும்போது உள்ளங்கையால் வாயை மூடிக்கொள்வாள். சமையல் சுத்தமாக வராது. களி கிளறினால் கட்டி கட்டியாக நிற்கும். "இதுக்குப் பேரு கல்லுக் களி. பெரிய பெரிய வூட்லதான் கிண்டுவாங்க" என்று சொல்லி எங்களையும் சாப்பிட வைத்துவிடுவாள்.

தெருவில் எங்களை விலக்குவதை வந்த இரண்டாம் நாளே அவள் பார்த்துவிட்டாள். தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"வெளிய என்னா கெடக்குது? வெயிலும் புழுதியும். உள்ளதான் ஊரே இருக்குது, வாங்க" என்றாள்.

அன்று முதல் பள்ளிக்கூடம் விட்டால் நேராக வீடுதான். அந்த ஒற்றை அறைக்குள் அவள் எங்கிருந்துதான் அத்தனையையும் எடுத்தாளோ! புளியங்கொட்டைகளைக் கல் தரையில் ஒரு பக்கம் மட்டும் வெளுக்கும்வரை தேய்த்து, அவற்றை உருட்டித் தாயம் ஆடினோம். தேய்த்த கொட்டை சூடாகும். அதைத் தம்பியின் முழங்காலில் வைத்து அவன் துள்ளுவதைப் பார்ப்பது தனி விளையாட்டு. கேழ்வரகு மாவைப் பிசைந்து யானை செய்தோம். தேன்கனிக்கோட்டைப் பாதையில் யானை குறுக்கே நின்றதால் பஸ் தாமதமாயிற்று என்று அப்பா அடிக்கடி சொல்வார். அந்த யானைகளெல்லாம் எங்கள் வீட்டு ஜன்னல் விளிம்பில் வரிசையாகக் காய்ந்தன. காய்ந்ததும் தும்பிக்கைகள் உடைந்து விழும். அத்தை ஈர்க்குச்சி செருகி ஒட்டவைப்பாள்.

பயணிகள் பஸ்ஸுக்குள் போட்டுவிட்டுப் போகும் பழைய டிக்கெட்டுகளை அப்பா சட்டைப் பையில் திணித்துக்கொண்டு வருவார். ரோஸ், மஞ்சள், பச்சை. அவற்றை வளையமாக வளைத்துச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி, ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்துச் சங்கிலி செய்தோம். அம்மா வருவதற்குள் அது வீட்டைச் சுற்றி வரவேண்டும் என்பது எங்கள் கணக்கு.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரியது பஸ் விளையாட்டுதான். டிரங்குப் பெட்டி டிரைவர் இருக்கை. அதற்குப் பின்னால் இரண்டு மணைப்பலகைகள். மாவு சலிக்கும் சல்லடைதான் ஸ்டியரிங். தம்பி டிரைவர், காதில் பென்சில் செருகிய நான் கண்டக்டர், அத்தை ஒருத்தியே அத்தனை பயணிகளும். கோழிக்கூடையோடு தெலுங்கு பேசிக்கொண்டு ஏறுவாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, கன்னடம் பேசும் வெற்றிலைக்காரராக ஏறுவாள். பஸ் எங்கே போகிறது என்று தம்பியைக் கேட்க வேண்டியதேயில்லை. பெங்களூருக்கு, அம்மாவிடம்.

முதல் நாள் பஸ் நன்றாகவே ஓடியது. ஜூஜுவாடி தாண்டியது, எல்லை தாண்டி அத்திப்பள்ளி வந்தது, பெங்களூரும் வந்தது. "பெங்களூர், பெங்களூர், எல்லாம் எறங்குங்க" என்று நான் கத்தினேன். தம்பி சல்லடையைப் போட்டுவிட்டு இறங்கினான். சமையலறைக்குள் போய்ப் பார்த்தான். கதவுக்குப் பின்னால் பார்த்தான். திரும்பி வந்து, "அம்மா எங்க?" என்றான்.

அத்தையின் முகம் சுருங்கிவிட்டது. அவன் வெகுநேரம் அழுதான். அவனோடு சேர்ந்து அவளும் அழுதாள்.

மறுநாளும் அவன் டிரங்குப் பெட்டியில் ஏறி உட்கார்ந்தான். பஸ் அத்திப்பள்ளியை நெருங்கியது. திடீரென்று அத்தை வாயால் ஒரு பெரிய சத்தம் போட்டாள். "டமார்! பஞ்சர், டிரைவரே. எறங்கிப் பாரு." தம்பி இறங்கிப் பெட்டியின் கீழே குனிந்து பார்த்தான். சக்கரம் மாற்றினோம். அதற்குள் இருட்டிவிட்டது என்று அத்தை அறிவித்தாள். பஸ் ஓசூருக்கே திரும்பியது.

அதற்கப்புறம் பஸ் ஒருநாளும் அத்திப்பள்ளியைத் தாண்டவில்லை. ரேடியேட்டரில் தண்ணீர் தீர்ந்தது. கோழி பறந்துபோய் எல்லோரும் இறங்கித் துரத்தினோம். ஒருநாள் யானை மறித்தது. "அந்த ரோட்ல ஆனை இல்லன்னு அப்பா சொன்னாரு" என்றான் தம்பி. "தேன்கனிக்கோட்டையில இருந்து வழி தப்பி வந்துட்டுச்சி. பாவம், அதையும் ஏத்திக்கினு போயி அதும்வூட்ல வுட்டுடலாம்" என்றாள் அத்தை. யானையை ஏற்ற நாங்கள் பட்ட பாட்டில் அன்று மூவரும் சிரித்துச் சிரித்துத் தரையில் உருண்டோம்.

அந்த நேரத்தில்தான் அப்பா வந்திருக்கிறார். காக்கிச் சட்டையோடு கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, பஸ்ஸு எப்பவும் அத்திப்பள்ளியிலயே நிக்குதுன்னு புள்ளைங்க சொல்றாங்களே, ஏன்?" என்று தங்கையைக் கேட்டார். அவள் தம்பியைக் கண்ணால் காட்டினாள். அப்பா உள்ளே வந்து மணைப்பலகையில் உட்கார்ந்து என்னிடம் டிக்கெட் கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டு எங்களை நிஜமாகவே பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

எல்லையில் சோதனைக்காகப் பஸ் நின்றதும் தம்பி எழுந்து நின்று, "பஞ்சர்! எல்லாம் எறங்குங்க!" என்று கூவினான். பஸ்ஸே சிரித்தது. அத்தை மட்டும் அவனை இழுத்து மடியில் உட்கார வைத்து இறுக்கிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் கையை நீட்டி மறித்தார். "மக்களு ஒளகே பரபாரது" என்றார். பிள்ளைகள் உள்ளே வரக்கூடாதாம். அப்பா மட்டும் போனார். நாங்கள் தோட்டத்து மரத்தடியில் நின்றோம். சற்று நேரத்தில் மாடி வராந்தாவுக்கு அம்மா வந்தாள். படுத்தே கிடப்பவளுக்கு வசதி என்று யாரோ அவள் தலைமுடியை ரெட்டைச் சடையாகப் பின்னிவிட்டிருந்தார்கள். மெலிந்து, பள்ளிக்கூடம் போகும் பெண்ணைப் போல இருந்தாள்.

"அந்த அக்கா யாரு?" என்று தம்பி கேட்டான்.

"அம்மாடா" என்றேன். அவன் நம்பவில்லை. நாங்கள் கொண்டுபோயிருந்த டிக்கெட் சங்கிலியை நான் ஒரு முனையும் அத்தை ஒரு முனையுமாக உயர்த்திப் பிடித்துக் காட்டினோம். அம்மா சிரித்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இருமலா, அழுகையா, கீழிருந்து தெரியவில்லை. அப்பா இறங்கி வந்து சங்கிலியை வாங்கிப்போய் வராந்தாக் கம்பியில் கட்டினார். காற்றில் அது ஆடியது. தம்பி அத்தையின் காலைக் கட்டிக்கொண்டு, "வூட்டுக்குப் போலாம் அத்தை" என்றான். உரக்கத்தான் சொன்னான். அது மாடிவரை கேட்டிருக்கக் கூடாது என்று இத்தனை வயதிலும் வேண்டிக்கொள்கிறேன்.

ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று. ஊசி மருந்துக்கு நோய் கேட்டது. மாம்பழம் வரத் தொடங்கிய நாட்களில் அம்மா கன்னத்தில் சதை வைத்து வீடு திரும்பினாள். அண்ணி வரட்டும் என்று தள்ளிப் போட்டிருந்த அத்தையின் கல்யாணம் அந்த மாதமே நடந்தது. மாப்பிள்ளைக்குக் கோலார் பக்கம் தங்கச் சுரங்கத்தில் வேலை. அத்தை கிளம்பிய காலையில் தம்பி பஸ்ஸின் பின்னால் ஓடினான். அம்மா ஓடிப் பிடித்துத் தூக்கினாள். அவன் திமிறி, "நீ வேணாம், அத்தை வேணும்" என்று கத்தினான். அம்மா அவனைக் கீழே விடவில்லை. அடிக்கவும் இல்லை. அப்படியே நடுத்தெருவில் நின்றாள்.

இரண்டு நாள் கழித்து அவளே டிரங்குப் பெட்டியை நகர்த்திப் போட்டாள். "நான் பாசஞ்சரா வர்றேன். டிரைவர், வண்டியை எடுப்பா" என்றாள். பஸ் விளையாட்டைப் பற்றி அப்பா சொல்லியிருப்பார். தம்பி முறைத்துக்கொண்டே ஏறினான். பஸ் புறப்பட்டது. ஜூஜுவாடி, அத்திப்பள்ளி எதிலும் பஸ் நிற்கவில்லை. பெங்களூரே வந்துவிட்டதாக அம்மா உற்சாகமாகச் சொல்லி இறங்கினாள். தம்பி சல்லடையை வீசி எறிந்தான்.

"உனக்கு வெளையாடவே தெரியல!"

அம்மா என் பக்கம் திரும்பினாள். "எப்பிடிம்மா வெளையாடுவீங்க? நீ சொல்லிக் குடேன்."

நான் என்ன சொல்வேன்? உன்னிடம் வந்து சேராமல் இருக்கத்தான் நாங்கள் ஒவ்வொரு நாளும் பஸ்ஸைப் பழுதாக்கினோம் என்று எப்படிச் சொல்வேன்? "இப்பிடித்தாம்மா. அவனுக்குத் தூக்கம்" என்றேன்.

அம்மா எங்களிடம் முழுதாகத் திரும்பி வந்தாள். தம்பியும் சில வாரங்களில் அவள் முந்தானையை விடாத பிள்ளையானான். தெருப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லாம் சரியாயிற்று. ஆனால் என் மனம் மட்டும் சாத்திய கதவுக்குள் இருந்த அந்த அறைக்கே போய்க்கொண்டிருந்தது. சொல்ல நாக்கு கூசுகிறது: அம்மா நோயில் கிடந்த அந்த வருஷத்தைப் போல நான் பிறகு சிரிக்கவே இல்லை. அம்மாவுக்காக ஏங்கிய ஏக்கமும் அத்தையோடு இருந்த மகிழ்ச்சியும் ஒரே அறையில் இருந்தன. ஒன்றை விட்டு மற்றதை மட்டும் எடுத்துப் பார்க்க என்னால் இன்றுவரை முடியவில்லை.

கல்யாணங்களுக்கு இரண்டு மூன்று முறை அத்தை வந்தாள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்றாகப் பிள்ளைகள். ஒருமுறை பந்திக்கு நடுவில் அவளிடம் பஸ்ஸைப் பற்றி ஞாபகப்படுத்தினேன். "ஆமாவா? எனக்கு என்னமோ களி கட்டி தட்டுனதுதான் நெனப்புல இருக்குது" என்று சொல்லிவிட்டு, அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அவள் உண்மையாகவே மறந்திருந்தாள். அன்றைக்குத்தான் எனக்கு அவளைப் பறிகொடுத்தது உறைத்தது.

அம்மா தன் வயதான காலத்தில் ஒரு மத்தியானம் என்னையும் தம்பியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேட்டாள். "நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நீங்க ரெண்டு பேரும் எப்பிடித்தான் இருந்தீங்களோ. நான் கேட்டதேயில்ல."

"அழுதுக்கினேதாம்மா இருந்தோம்" என்றேன்.

தம்பி நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அம்மா என் கையைத் தடவிக்கொண்டே, "இருக்கும், இருக்கும். பச்சப் புள்ளைங்க" என்றாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.