கம்பிக்கு மேல் நின்ற கார்டுகள்

சாமி கும்பிடுகிறவன், அதனால் ஆவி கீவி எல்லாம் நம்புவான் என்று நினைத்துக்கொண்டு இதைப் படிக்காதீர்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருக்கழுக்குன்றம் போய் மலையைச் சுற்றி வருகிறவன்தான் நான், நெற்றியில் திருநீறு இல்லாமல் கடையைத் திறந்ததில்லை, ஆனால் செத்தவர்கள் வந்தார்கள் போனார்கள் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். போனவர்கள் ஈசன் காலடியில் நிம்மதியாக இருக்கிறார்கள், அதை விட்டு இங்கே திரும்பி வர அவர்களுக்கு என்ன தலையெழுத்து என்று கேட்பேன். இப்போதும் அப்படியே நினைக்கத்தான் ஆசை. நடந்ததை எழுதுகிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

மாமல்லபுரத்திலிருந்து கல்பாக்கம் போகிற ரோட்டில் எனக்குப் பஞ்சர் கடை. பக்கத்துக் கட்டடம் கிளை நூலகம். என் மனைவி கஸ்தூரி அங்கே தினக்கூலிக்கு உதவியாளாக இருந்தாள். பெருக்குவாள், பேப்பர் அடுக்குவாள், ஆனால் அவளுக்குப் பிடித்த வேலை கார்டு எழுதுவது. நான் ஐந்தாவதோடு நின்றவன், அவள் பத்தாவது பாஸ், எழுத்து அச்சில் வார்த்தது போல இருக்கும்.

கார்டு என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம்தான் ஆகியிருந்தது, எங்கள் பக்கத்து நூலகங்களுக்குக் கம்ப்யூட்டர் வரவில்லை. ஊர் ஜனங்கள் எழுதினவர் பெயர் சொல்லிப் புத்தகம் கேட்க மாட்டார்கள், தலைப்பைச் சொல்லித்தான் கேட்பார்கள், அதனால் ஒவ்வொரு புத்தகத்துக்கும் தலைப்பை மேலே எழுதி ஒரு கார்டு, அகர வரிசைப்படி மர டிராயருக்குள் நிற்கும். கார்டின் அடிப்பக்கம் ஒரு ஓட்டை, எல்லா ஓட்டையிலும் சேர்த்து ஒரு நீளக் கம்பி கோத்திருக்கும், யாரும் உருவிக்கொண்டு போகாமல் இருக்க. புதுக் கார்டை எழுதினவுடன் உள்ளே இறக்கக் கூடாது. அதற்குரிய இடத்தில், கம்பிக்கு மேலே, தலை நீட்டிக்கொண்டு நிற்கும்படி வைக்க வேண்டும். எழுதினவரைத் தவிர வேறொருவர் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் கம்பியை உருவிக் கார்டை இறக்கி மறுபடி கோப்பார்கள். இறங்கிவிட்டால் அதை எழுதினவருக்கு வேலை முடிந்தது.

கஸ்தூரி ஒவ்வொரு கார்டின் மூலையிலும் பிள்ளையார் சுழி போடுவாள். “இன்னாம்மா இது, கல்யாணப் பத்திரிகையா?” என்று அப்போதிருந்த நூலகர் கேட்டிருக்கிறார். அவள் விடவில்லை, கடுகு அளவுக்குச் சுழியைச் சின்னதாக்கிக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஒரு மழைக்காலத்தில் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். முதலில் பேசிக்கொண்டிருந்தாள், அப்புறம் பேச்சு குறைந்தது. அங்கே ஒரு பேப்பரில் கையெழுத்து கேட்டார்கள், போட்டாள், அவ்வளவு அழகாக எழுதுகிறவள், எழுத்தெல்லாம் சாய்ந்து கோட்டைத் தாண்டிக் கீழே விழுந்தது. அதைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்களுக்குக் குழந்தை இல்லை. கொள்ளி வைத்துவிட்டு வந்து கதவைத் திறந்தால் வீட்டில் ஒரு சத்தம் இல்லை.

பழைய நூலகர் மாற்றலாகிப் போனார். கேளம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் எஸ்தர் என்ற பெண் புதிதாக வந்தாள். கஸ்தூரியை அவள் பார்த்ததே இல்லை. ஒரு நாள் பஸ்ஸில் புதுப் புத்தகக் கட்டு வந்தது, நான்தான் தூக்கிக்கொண்டு போய் வைத்தேன், என் கண் எதிரில்தான் எஸ்தர் கயிற்றை அறுத்தாள், நாளைக்குக் கார்டு எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லிப் பூட்டிக்கொண்டு போனாள். மறுநாள் காலையில் நேராக என் கடைக்கு வந்தாள்.

“அண்ணா, நீங்க எழுதினீங்களா?”

“இன்னாத்த?”

“கார்டு. எல்லாப் புக்குக்கும் எழுதி நிக்க வச்சிக்கீது. சாவி எங்கிட்டதான கீது.”

போய்ப் பார்த்தேன். கோழி வளர்ப்புப் புத்தகத்துக்கு ஒன்று, தையல் புத்தகத்துக்கு ஒன்று, அதது அதனதன் இடத்தில் கம்பிக்கு மேல் நின்றது. மூலையில் கடுகு அளவுக்குச் சுழி. “என் வூட்டுக்காரி எழுத்தும்மா” என்றேன். எஸ்தர் குனிந்து அந்தச் சுழியைப் பார்த்தாள். அப்புறம், “நல்லா எழுதுறாங்கண்ணா” என்றாள்.

அந்தக் கம்பியை உருவாதே என்று அவளைக் கெஞ்சினேன். இறக்கிவிட்டால் கஸ்தூரிக்கு இங்கே வேலை இல்லை, அப்புறம் எதற்கு வருவாள். அந்தப் பெண்ணுக்கு நல்ல மனசு, சரி என்றாள். அடுத்த கட்டு வந்தது, மறுநாள் காலையில் கார்டுகள் நின்றன. அதற்கடுத்த கட்டும் அப்படித்தான். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு டிராயர் முன்னால் போய் நின்றுகொள்வேன். பயம் என்று ஒரு நாளும் இல்லை. சந்தோஷமாக இருந்தேன், அதை மறைத்து என்ன.

படாளத்திலிருந்து கஸ்தூரியின் தம்பி சேகர் வந்தான். சொன்னதும் சிரித்தான். “மாமா, உனுக்குப் பித்து புடிச்சிகினு கீது.” இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். சிரிப்பு நின்றுபோய், கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொன்னான்.

“உயிரோட கீறப்போ கூலிக்கு வேல செஞ்சா எங்கக்கா. இப்போ சும்மாவே வேல வாங்கிகினு கீறியா மாமா?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சோறுகூடச் சாப்பிடச் சொல்லாமல் அவனை பஸ் ஏற்றி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு வந்த கட்டுக்கு மறுநாள் கார்டு இல்லை. சில நாள் கழித்து ஒன்று, இன்னும் சில நாள் கழித்து ஒன்று என்று வந்தது. எழுத்து நடுங்கியிருந்தது. முதலில் லேசாகச் சாய்ந்தது, அப்புறம் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்க ஆரம்பித்தது. அந்த எழுத்தை நான் செங்கல்பட்டில் பார்த்திருக்கிறேன். இதற்கு மேல் நான் என்ன சொல்வது. நோயில் கிடக்கிறவளை எழுப்பி உட்கார வைத்து எழுதச் சொல்வதுபோல இருந்தது. வீட்டுக்கு வந்து சாமி படத்துக்கு முன்னால் விழுந்து அழுதேன். ஈசனே, அவளை உன்னிடம் அனுப்பிவிட்டேன் என்றல்லவா ஊருக்கெல்லாம் சொன்னேன், கையைப் பிடித்து வைத்திருப்பது நானா?

மறுநாள் குளித்துவிட்டு எஸ்தரிடம் போய், “இறக்கிடலாம்மா” என்றேன்.

“நீங்களே இறக்குங்கண்ணா. நான் கம்பியப் புடிச்சிக்கிறேன்.” அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

ஒவ்வொரு டிராயராக அவள் கம்பியை உருவ, சிவ சிவ என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு கார்டாக இறக்கினேன். கடைசியாக வந்த கட்டில் ஒரே ஒரு புத்தகத்துக்கு மட்டும் கார்டு இன்னும் வரவில்லை, அதை நானே எழுதிக்கொள்கிறேன் என்று எஸ்தர் சொல்லியிருந்தாள். ஆனால் கடைசி டிராயரை இழுத்தால் அதுவும் நின்றுகொண்டிருந்தது. “காலைல இது இல்லியே” என்றாள் எஸ்தர். நான் எதையும் பார்க்கவில்லை, பார்த்தால் மனசு மாறிவிடும் என்று பயந்து, சட்டென்று எடுத்து உள்ளே இறக்கிவிட்டேன். அவள் கம்பியைக் கோத்துத் திருகினாள்.

கடைக்கு வந்து ஒரு ட்யூபைக் கையில் எடுத்தேன். கட்டை விரலில் நீலமாக மை.

ஓடிப் போய் எஸ்தரிடம் கம்பியை மறுபடி உருவச் சொல்லி அந்தக் கார்டை எடுத்துப் பார்த்தேன். மேலே தலைப்பு முழுசாக இருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி பாதியில் நின்றிருந்தது, கடைசி எழுத்து முடியவில்லை, அதன் மேல் என் விரல் பட்டு மை இழுபட்டிருந்தது. தொட்டால் இன்னும் ஈரம்.

அதற்குப் பிறகு ஒரு கார்டும் வரவில்லை. எஸ்தர்தான் எழுதினாள். அக்கா நிம்மதியாகப் போய்விட்டாள் மாமா என்று சேகர் சொல்கிறான், கோயில் குருக்களும் அதையே சொல்கிறார். இருக்கலாம். ஆனால் நான் கையை வைத்த அந்த நேரத்தில் கஸ்தூரி போதும் என்று தானே நிறுத்தியிருந்தாளா, இல்லை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் கையிலிருந்து பிடுங்கிவிட்டேனா, அது மட்டும் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.