எடுக்காதவர்களுக்குக் குறை இல்லை

தீராத நோய்க்கெல்லாம் முதுகுத்தண்டில் ஸ்டெம்செல் ஊசி போடும் சிகிச்சை நிலையம் அது. வரவேற்பறையில் மீன்தொட்டி, மெத்தை நாற்காலி. அக்கா, தங்கை இருவரில் சின்னவளுக்கு அங்கேதான் வேலை; கழிப்பறையை ஒட்டிய அறை. ஊசி போட்டுக்கொண்டு போனவர்களுக்கு ஒரு மாதம் கழித்து போன் செய்து, உடம்பு எப்படி என்று கேட்பது அவள் வேலை. மூன்று முறை அடித்தும் எடுக்காவிட்டால், ‘குறை இல்லை’ என்று டிக் போட வேண்டும். ஆபீஸ் பேனாவைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகாத யோக்கியம்; ஆனால் இந்த டிக்கை ஆறு வருடமாகக் கூசாமல் போட்டாள். அதைத்தான் டாக்டர் ‘நூற்றுக்கு நூறு பாதுகாப்பு’ என்று வழவழ தாளில் அச்சடித்துக் கொடுத்தார்.

ஒரு திங்கட்கிழமை, டிக் போட்ட எண்ணிலிருந்து ஒரு பெண் திரும்ப அழைத்தாள். “நீங்க கூப்பிட்டப்ப எங்க வீட்டுக்காரர் ஐசியூல இருந்தாரும்மா. ஊசி போட்ட இடத்துல சீழ் வச்சு மூளைக்கு ஏறிடுச்சு. போன வாரம் போய்ட்டாரு.”

டாக்டரிடம் ஓடினாள். அவர் பல்லைக் குத்திக்கொண்டே, “எடுக்கலைன்னா சௌக்கியமா இருக்காங்கன்னு அர்த்தம். ஏதாவதுன்னா நம்மளத் தேடி வரமாட்டாங்களா?” என்றார். செத்தவன் எப்படி ஐயா தேடி வருவான்? தூ! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் உண்டு. இவர் பிணத்தையே மறைத்தார். திரும்பி வந்து அடுத்த எண்ணை மூன்று முறை அடித்தாள். எடுக்கவில்லை. கை தானாக டிக் போட்டது.

மறுநாள் காலை அக்கா, அத்தானோடு வந்து நின்றாள். தையற்காரரான அத்தானுக்கு எட்டு வருடமாக நடுக்குவாதம். சட்டைப் பொத்தானைக்கூட அக்காதான் போட்டுவிட வேண்டும்.

“பதினோரு மணிக்கு ஊசிடி. நீ இருக்கிற தைரியத்துலதான் வந்தோம்.”

“வேணாம்க்கா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. செத்தே போயிருக்காங்க.”

அக்கா தாளை நீட்டினாள். “ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலைன்னு போட்டிருக்கே!”

“போட்டது நான்தான்.” பதிவேட்டைத் திறந்து காட்டினாள். “இவங்க யாரும் போனே எடுக்கலை. உயிரோட இருக்காங்களான்னே தெரியாது.”

அக்கா பக்கம் பக்கமாகப் புரட்டினாள். சின்னவள் அவள் தோளைத் தொடப் போனாள்.

“தொடாதே. நம்ம வீட்டு ஆளுன்னதும்தான் உனக்கு வாய் வந்துதா?”

அத்தானைக் கைத்தாங்கலாக எழுப்பி, திரும்பிப் பார்க்காமல் போனாள். சின்னவளுக்கு அழக்கூட வெட்கமாக இருந்தது. பதிவேட்டை எடுத்துக்கொண்டு வரவேற்பறைக்குப் போனாள். ஊசிக்காக ஏழு பேர் காத்திருந்தார்கள். ஒருவர்கூட அவளுக்குச் சொந்தமில்லை. முதல் ஆளின் மடியில் பதிவேட்டை விரித்தாள்.