அயிரை என்று சொன்ன மீன்

சித்திரை வெயிலில் எங்கள் ஓடையிலிருந்து துணி சோப்பு வாசனை வந்தது. சிவகாசிப் பக்கத்துச் சிற்றூர் எங்களுடையது. மழைக்கு நாலு மாதம் ஓடிவிட்டு, மாசி பிறந்ததும் வெறும் மணலாகக் கிடப்பதுதான் அந்த ஓடையின் சுபாவம். எனக்குப் பத்து வயதான வருஷம், மேற்கே கட்டிய நிலையத்தில் டவுன் கழிவுநீரைச் சுத்திகரித்து அதில் விடத் தொடங்கினார்கள். பொட்டு மேகம் இல்லாத நாளில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்து ஊரே சந்தோஷப்பட்டது. "சுத்தம் பண்ணுனதுதான், மரஞ்செடிக்கு ஊத்துங்க, குடிச்சிராதீக" என்று நிலையத்துக்காரர் ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். முதல் இரண்டு வார்த்தையோடு நாங்கள் காதை மூடிக்கொண்டோம்.

குடிதண்ணீர் லாரி வராத நாளில் ஓடையோர மணலில் "ஊத்து" தோண்டி இறைப்பது வழக்கம். "மண்ணு வடிகட்டாத அழுக்கா?" என்பாள் அம்மா. ஆனாலும் இறைத்ததைச் சிமெண்டுத் தொட்டியில் ஊற்றி, ஓடைப் பள்ளத்தில் தேங்கிய நீரில் பிடித்த இரண்டு அயிரையை விடச் சொல்வாள். மறுநாள் அவை அடியில் கிடந்தால்தான் அந்தத் தண்ணீரைக் குடிப்போம், மேலே வந்து வாயைப் பிளந்தால் தொட்டியைத் திறந்துவிடுவோம். மீன் பிடிப்பது என் வேலை.

அந்தச் சித்திரையில் எவ்வளவு துழாவியும் ஓர் அயிரை அகப்படவில்லை. கையில் மணலே படவில்லை. கொழகொழவென்று பச்சைப் பாசி மூடியிருந்தது, கிளறினால் சிவப்புப் புழு நெளிந்தது. இருந்ததெல்லாம் ஜிலேபிக் கெண்டைக் குஞ்சுகள்தாம், கூட்டங்கூட்டமாக. வெறுங்கையோடு போனால் அம்மா வைவாளே என்று அவற்றில் இரண்டைத் தொட்டியில் போட்டுவிட்டு, "அயிரை விட்டாச்சும்மா" என்றேன். மறுநாள் பட்டாசு கம்பெனி வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அவள் அடுப்படியிலிருந்தே கேட்டாள்: "மீனு எப்படிடி இருக்கு?"

"நல்லா நீந்துதும்மா."

நீந்தத்தான் செய்தன. சாக்கடையில் விட்டாலும் அவை நீந்தும்.

மூன்றாம் நாள் நாலு வயதுத் தங்கைக்கு வாந்தியும் பேதியும். விருதுநகர் ஆஸ்பத்திரியில் கண் உள்ளே போய், பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாமல் கிடந்தாள். "மீனு நல்லாத்தான் இருந்துச்சுய்யா, அதுக்கப்புறந்தான் குடுத்தேன்" என்று டாக்டரிடம் அம்மா திரும்பத் திரும்பச் சொன்னாள். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு, இவள் செத்துவிடுவாள், கொன்றது நான்தான் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த நாலாம் நாள் அவள் கஞ்சி கேட்டாள்.

பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்: சுத்திகரித்த நீரிலும் உரச்சத்து மிஞ்சும், அதைத் தின்று பாசி பெருகும், பாசி மூடிய மணலில் அயிரை தங்காது, எதையும் தாங்குகிற மீனே மிஞ்சும். இன்று ஓடை பன்னிரண்டு மாதமும் ஓடுகிறது. அயிரை இல்லை, தவளைச் சத்தமும் இல்லை, ஊத்து தோண்ட ஆளும் இல்லை.

அம்மா இப்போது கேன் தண்ணீரையும் முகர்ந்து பார்த்துத்தான் தங்கை மகளுக்குக் கொடுக்கிறாள். "எந்தத் தண்ணியையும் நம்பாத தாயி, அயிரையே நம்மள ஏமாத்திருச்சு" என்கிறாள். அயிரை ஏமாற்றவில்லையம்மா என்று சொல்ல ஒவ்வொரு முறையும் வாயெடுக்கிறேன். பக்கத்தில் தங்கை உட்கார்ந்திருக்கிறாள், பயமாக இருக்கிறது.