டோர்விக்குப் பெரிதாகிப்போன ஸ்வெட்டர்

என் தம்பி டோர்விக்கு அவன் மனைவி ஹுல்டா ஒருநாளும் அளவெடுத்துப் பின்னியதில்லை. எங்கள் ஊரில் புருஷனுக்கு ஸ்வெட்டர் பின்ன அளவு நாடாவைத் தேடுகிறவளைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பார்கள். அவன் மார்புக்கு எத்தனை கண்ணி போடவேண்டும் என்று கைக்கே தெரிந்திருக்க வேண்டும். ஹுல்டாவின் கைக்குத் தெரியும். மீன் ஆலையில் என் பக்கத்தில் நின்று முள் பிடுங்குவாள். காப்பி நேரம் வந்ததும் ரப்பர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பின்னல் ஊசியை எடுப்பாள். பேசுவாள், சாப்பிடுவாள், என்னோடு சண்டைகூடப் போடுவாள். ஊசி மட்டும் நிற்காது. அவளுக்கு ஓய்வு என்றால் அதுதான். பாவம் என்று யாராவது சொன்னால் அதற்கும் எரிந்து விழுவாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க டோர்வி தலைநகர் ரெய்க்யவிக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். இரைப்பையில் பாதியை எடுத்துவிட்டார்கள். மலைப்பாதை பனியில் மூடிக்கிடந்தது, ஆலையில் விடுப்பும் கிடைக்கவில்லை, ஹுல்டாவால் போய்ப் பார்க்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசிக்கொண்டார்கள். நன்றாகச் சாப்பிடுகிறேன், இங்கே போடுகிற கஞ்சியில் தொப்பை போட்டுவிட்டது என்று அவன் அளந்துகொண்டே இருந்தான். அவள் நம்பினாள். எனக்கும் நம்ப ஆசையாகத்தான் இருந்தது.

வேலை முடிந்து வந்து, கண் சொருகச் சொருக அவனுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னினாள். சாம்பல் நிற உடம்பு, கழுத்தைச் சுற்றி வெள்ளையும் கறுப்புமாய்ப் பூ வரிசை. மாலுமிகள் தினத்துக்கு அவன் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஜூன் முதல் ஞாயிறன்று படகுகள் எல்லாம் கொடி கட்டி, ஊரையே ஏற்றிக்கொண்டு கடலில் ஒரு சுற்றுப் போய்வரும். இத்தனை வருஷம் அவன் என்ஜின் பார்த்த படகில், இந்தத் தடவை மேல்தளத்தில் நிற்க வேண்டும். டோர்வி திரும்பி வந்துவிட்டான் என்று ஊர் பார்க்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

மே மாதம் வந்தான். விமானத்திலிருந்து இறங்கியவனை உடன்பிறந்த எனக்கே சட்டென்று அடையாளம் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஸ்வெட்டரைத் தலைவழியே மாட்டினான். தோள்பட்டை முழங்கைப் பக்கம் வழிந்தது, கை விரல்நுனியைத் தாண்டித் தொங்கியது. உள்ளே இன்னொரு ஆளை விடலாம். ஹுல்டா தொளதொளத்த இடத்தைக் கையில் பிடித்தபடியே நின்றாள். அவன்தான் சிரித்தான்.

"இருக்கட்டும் விடு. ஒரு மாசம் உன் கையால சாப்பிட்டா ரொம்பிடுவேன்."

"ஆமா, ரொம்பிடுவ," என்றாள் அவள்.

அதன் பிறகு அந்த ஸ்வெட்டர் நாற்காலி முதுகிலேயே கிடந்தது. ஆட்டுக்கறி சூப், வெண்ணெய் வழிய வேகவைத்த மீன், உருளைக்கிழங்கு, தயிர் என்று ஹுல்டா ஆக்கிப்போட்டாள். அவன் இரண்டு கரண்டி சாப்பிடுவான், மீதியைத் தட்டில் இங்கும் அங்கும் தள்ளிக்கொண்டிருப்பான். சாயங்காலமானால் ஸ்வெட்டரை மாட்டிக் கண்ணாடி முன் நிற்பான். கழற்றுவான். அவள் அடுப்பங்கரையிலிருந்து பார்ப்பாள், பார்க்காததுபோல் பாத்திரம் கழுவுவாள். தினமும் இதே கூத்து. பார்த்துப் பார்த்து நானே அலுத்துப்போனேன்.

வெட்டிவிடு என்று அவளிடம் சொன்னேன். எங்கள் ஸ்வெட்டர் குழாய்போல் சுற்றிச் சுற்றிப் பின்னுவது. பக்கத்தில் தையலே கிடையாது, பிடித்துச் சிறிதாக்க. துவைத்துக் காயவைத்த கம்பளி இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதால் பிரித்தால் இழை அறுந்துபோகும். வெந்நீரில் போட்டால் சுருங்கும், ஆனால் பலகை மாதிரி விறைத்துவிடும். மிச்சம் கத்தரிக்கோல்தான். இழை பிரியாமலிருக்க முன்பக்கம் மேலிருந்து கீழே தையல் மெஷினில் இரண்டு வரிசைத் தையல் ஓட்டி, வேண்டாத பட்டையை அவற்றின் நடுவிலிருந்து வெட்டி எடுத்துவிட்டுப் பொத்தான் வைத்தால் தீர்ந்தது. ஹுல்டாவே எத்தனையோ பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறாள். இதில் ஒரு கை அகலம் போகும், கழுத்துப் பூவில் ஒன்று முழுசாகப் போகும்.

"வெட்டினா, நீ இனிமே இவ்வளவுதான்னு நானே அவன் மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி ஆயிடும் ஆல்டா," என்றாள்.

"சொல்லாம இருந்தா மட்டும் ஊதிடப் போறானா?"

அவள் கழுவின தட்டையே மறுபடி கழுவினாள்.

மாலுமிகள் தினத்தன்று காலை, படகில் சாப்பிடலாம் என்று ரொட்டியும் புகைபோட்ட கறியும் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். துறைமுகத்தில் கொடி ஏறியிருந்தது. ஜன்னல் திறந்திருக்க, டோர்வி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நின்றிருந்தான். பிறகு கழற்றி மேஜைமேல் வைத்தான்.

"ஹுல்டா, மெஷினை எடு."

"எதுக்கு?"

"இதை வெட்டு. காத்து உள்ள பூந்துக்குது. எனக்குக் குளிருது."

"ரொம்பிடுவேன்னு சொன்னியே."

"உனக்காகச் சொன்னேன். இனிமே உடம்பு இவ்வளவுதான்னு டாக்டர் அங்கயே சொல்லிட்டார்."

ஹுல்டா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "நானும் உனக்காகத்தான் வெட்டாம வச்சிருந்தேன்," என்றாள்.

பிறகு மெஷின் ஓடியது. அவன் ஸ்வெட்டரின் கழுத்துப் பக்கத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ள, அவள் வெட்டினாள். அவசரப்படவில்லை. நடுப்பூவோடு பட்டை நீளமாகக் கழன்று வந்தது. தோளில் உள்பக்கமாக ஒரு மடிப்புத் தைத்தாள். கையின் நீளத்தை உள்ளே மடித்தாள். பொத்தான் தைக்க நேரமில்லை என்று இரண்டு ஊக்குகளைக் குத்தினாள். அவன் போட்டுக்கொண்டான். பொருந்தியது. சின்ன ஆளாக, என் தம்பியாகத்தான் இருந்தான்.

காப்பி குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று நான் அடுப்பங்கரைக்குப் போனேன். திரும்பி வந்தபோது அவன் சோபாவில் ஸ்வெட்டரோடு தூங்கிக்கொண்டிருந்தான். அவன் தோளில் சாய்ந்து அவளும் தூங்கியிருந்தாள், வெட்டின பட்டை விரல்களில் சுற்றிக் கிடந்தது. ஒரு மாதமாக இந்த வீட்டில் யாரும் ஒழுங்காகத் தூங்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. காப்பியை நானே குடித்தேன்.

படகிலிருந்து ஓர் ஆள் கூப்பிட வந்தான். வாசலிலேயே மறித்தேன்.

"டோர்வி வரலையா? உடம்பு முடியலையா?"

"ஸ்வெட்டர் சரியாயிடுச்சு," என்றேன். "ரெண்டு பேரும் தூங்கறாங்க. நீங்க போயிட்டு வாங்க."

அவன் போனதும் ஜன்னலைச் சாத்தினேன். படகுகள் கிளம்பும்போது ஊதிய சங்கு எனக்கு மட்டும்தான் கேட்டது.