பறக்கிறவனின் அம்மாவுக்குத் தெரியாதா?

உங்களுக்கு வேறு வேலையே இல்லையா? மகள் பேங்க் வேலையை விட்டது எனக்கு எப்போது தெரியும் என்று தோண்டித் தோண்டிக் கேட்கிறீர்கள். அடுத்த வீட்டுச் சட்டியில் என்ன கொதிக்கிறது என்று மோப்பம் பிடிக்கிற மூக்கு உங்களுக்கு. வெட்கமாக இல்லையா? சரி, தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். ஆறிப்போனால் இன்னொன்று ஊற்ற மாட்டேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவள். ஆனால் டிவியில் எந்த நாடகம் ஓடினாலும் எங்கே ஓட்டை என்று கண்டுபிடித்துவிடுவேன். ஒருத்தி மயங்கி விழும்போது ஒரு தோடு, ஆஸ்பத்திரியில் கண் திறக்கும்போது வேறு தோடு. பேரப்பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் சிஐடி.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து கொட்டாஞ்சேனை மாடி வீட்டுக்கு வந்ததும், என் இளைய மகள் பையிலிருந்து ஒரு கட்டுக் கடதாசியை எடுத்தாள்.

"அம்மா, எங்கட பேங்கில ஒரு பிள்ளை டிவிக்கு நாடகம் எழுதியிருக்கிறாள். எங்கயோ இடிக்குதெண்டு சனல்காரர் திருப்பி அனுப்பிட்டினம். நாளைக்குச் சரியா எழுதிக் குடுக்காட்டி வேற ஆளுக்குக் குடுத்திடுவினமாம். வாசிக்கிறன், கேளுங்கோ."

"அவளுக்கு வாயில்லையோ? அவளையே வந்து வாசிக்கச் சொல்லன்."

"அவள் பிஸி அம்மா."

வாசித்தாள். வெள்ளவத்தைப் புடவைக்கடையில் வேலை செய்கிற ஒருவன். ஊருக்கு ஆபத்து என்றால் சிவப்பு உடுப்பைப் போட்டு, முகமூடி மாதிரி கண்ணில் ஒரு கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு பறப்பான். முதல் வாரக் கதையில், மூழ்குகிற படகிலிருந்த ஆட்களைக் காப்பாற்றக் கடலில் குதிக்கிறான். அதே கையோடு கிராண்ட்பாஸில் தன் வீட்டுக்குள் புகுந்த கள்ளனைப் பிடிக்கப் பறந்து வருகிறான். அவனைப் பெற்ற தாய் கைகூப்பிக் கேட்கிறாள்: "ஆர் தம்பி நீ?"

"நிப்பாட்டு," என்றேன். "பறக்கத் தெரிஞ்சவன், வேலைக்குப் பிந்தினதுக்குக் வெள்ளவத்தை ட்ரஃபிக்கைச் சாட்டுச் சொல்லுறான். ஏன்?"

"ஆக்கள் கண்டிடுவினம் எண்டுதான்."

"சரி, விடுறன். கடலுக்க குதிச்சவன் காய்ஞ்சுபோய் வந்து நிக்கிறான். அதென்னண்டு?"

"காத்தில பறந்து வந்ததில காய்ஞ்சிட்டுது."

"உப்பும் பறந்திட்டுதோ? துணி உப்புப் பூத்திருக்குமே, அதை ஆர் தோய்க்கிறது?"

அவள் பேனையை எடுத்து ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

"இதெல்லாத்தையும் மன்னிக்கலாம், பிள்ளை. ஒரு முழத் துணியைக் கண்ணில கட்டினவனைப் பெத்தவளுக்குத் தெரியேல்லையோ? படியேறி வாற செருப்புச் சத்தத்திலயே நாங்கள் ஆளைச் சொல்லுவம்."

"அம்மாவுக்குத் தெரிஞ்சா கதை முடிஞ்சிடும்."

"ஏன் முடியோணும்? அவளுக்கு எப்பவோ தெரியும். அவன் ஒளிச்சு வைக்கிற உடுப்பை எடுத்துத் தோய்ச்சு, மடிச்சு, அதே இடத்தில வைக்கிறாள். அவனாச் சொல்லுமட்டும் வாய் திறக்கிறேல்லை."

"அப்பிடி ஒரு அம்மா இருப்பாவோ? ஆரும் நம்பாயினம்."

கடதாசிகளை மூடி வைத்துவிட்டாள். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் நாளைக்கு அந்தக் கதை வேறொருவர் கைக்குப் போய்விடும். திறந்தால் ஏழு மாதமாக நான் ஆடிய நாடகம் முடிந்துவிடும்.

திறந்தேன்.

"போயா அண்டைக்குச் சாறி கட்டிக்கொண்டு பேங்குக்குப் போன பிள்ளைக்கு, ஒரு சொல்லும் கேக்காமல் இடியப்பம் கட்டிக் குடுத்த அம்மா ஒருத்தி இந்த வீட்டிலயே இருக்கிறாள்."

போயா என்றால் பௌர்ணமி விடுமுறை. அன்றைக்கு நாட்டில் ஒரு பேங்கும் திறக்காது. ஏழு மாதத்துக்கு முன் என் மகள் அதை மறந்துபோனாள்; அவள் வேலையை விட்டது அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது.

மூடி வைத்த கடதாசிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அண்டைக்கு வேற ஒரு நாடகத்துக்குச் சூட்டிங் இருந்தது, அம்மா. உதவிக்குப் போனனான்."

"நான் கேட்டனானோ?"

"ஏன் கேக்கேல்லை?"

"நீ சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். உன்ர கதையிலயும் ஓட்டை, பொய்யிலயும் ஓட்டை. ஆனா ஏழு மாசம் கொண்டு இழுத்தாய் பார், கெட்டிக்காரிதான்."

அழுதாள், சிரித்தாள், மூக்கைச் சிந்தினாள். பிறகு ஜன்னலோரம் இருந்து எழுதத் தொடங்கினாள். மத்தியானச் சோற்றுக்குக்கூட எழும்பவில்லை.

நாடகம் டிவியில் வந்தபோது எங்கள் மாடியே கூடியிருந்து பார்த்தது. தாய் உடுப்பைத் தோய்த்தாள், மடித்தாள். அது நான் சொன்னது. ஆனால் மடிக்கும்போது தோளில் ஒரு கிழிசலைக் கண்டு, சிவப்பு நூல் கோர்த்துத் தைத்தாளே, அது நான் சொன்னதல்ல. நடுவானத்தில் பறக்கும்போது அவன் அந்தத் தையலைத் தற்செயலாகக் கண்டு, அப்படியே வீட்டுப் பக்கம் திரும்பினான். அதுவும் நான் சொன்னதல்ல. சிஐடி ஒரு ஓட்டையும் காணாமல் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான். கடைசியில் மகளின் பெயர் திரையில் வந்தது. எழுத்துக் கூட்டி முழுவதையும் வாசித்தேன்.

அடுத்த நாள் காலை பக்கத்து வீட்டுக்காரிகள் படிக்கட்டில் என்னை மறித்தார்கள்.

"என்னக்கா, மகள் பேங்கில எண்டெல்லோ சொல்லிக்கொண்டு திரிஞ்சனீங்கள்?"

"ஓம், இருந்தவள்தான்," என்றேன். "நான்தான் விடச் சொன்னனான். பறக்கிறவனுக்கே வீட்டுக்கு வழி காட்டுற பிள்ளை, கவுண்டருக்குப் பின்னால இருந்து சீல் குத்துறதோ?"