குவார்ட்டர்பேக்குக்கு அப்பா போட்ட மார்க்

ஆளை எடைபோடுவது என் தொழில். டல்லாஸ் பக்கம் ஒரு கம்பெனியில் மேனேஜர். வேலை கேட்டு வருகிறவரைப் பத்து நிமிடம் பேசவிட்டால் போதும், தேறுவாரா மாட்டாரா என்று சொல்லிவிடுவேன். மீதி ஐம்பது நிமிடம் மரியாதைக்காக உட்கார்ந்திருப்பேன். நான் வேண்டாம் என்று அனுப்பியவர்களில் இரண்டு பேர் இப்போது வேறு கம்பெனிகளில் என்னைவிடப் பெரிய பதவியில் இருக்கிறார்கள். அது அந்தக் கம்பெனிகளின் தலையெழுத்து.

வருஷத்துக்கு இரண்டு முறை என் டீமில் உள்ள பதினான்கு பேருக்கும் மார்க் போட வேண்டும். அதில் இரண்டு கட்டங்கள் முக்கியம். ஒன்று பொட்டென்ஷியல், அதாவது இந்த ஆள் எவ்வளவு தூரம் போவார். இன்னொன்று டிரைவ், அதாவது பின்னால் நின்று யாரும் தள்ளாமல் தானாகப் போவாரா. இந்த ஊரில் யாருக்கும் குறைத்து எழுத முடியாது என்பது வந்த இரண்டாம் வருஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. சுமாரான ஆளை 'மிக நன்று' என்றும் நல்ல ஆளை 'அபாரம்' என்றும் எழுத வேண்டும். வெறும் 'நன்று' என்று எழுதினால் அந்த ஆள் அடுத்த வாரமே வேறு வேலை தேட ஆரம்பித்துவிடுவார். இந்த விஷயமெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆகவே, தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் தப்பிக்க வழியில்லை.

எங்கள் பையன் ஏழாம் வகுப்புக்குப் போகிற கோடையில், ஃபுட்பால் ஆடப்போகிறேன் என்றான். காலால் உதைக்கிற ஆட்டம் இல்லை, ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் விழுகிற அமெரிக்க ஆட்டம். டல்லாஸை ஒட்டிய காப்பெலில் எங்கள் தெருவில் உள்ள நம்மவர் பிள்ளைகள் டென்னிஸ் ஆடுவார்கள், செஸ் ஆடுவார்கள், ரோபோ செய்வார்கள். இந்தப் பக்கம் யாரும் போனதில்லை. என் மனைவி பள்ளியின் சம்மதக் கடிதத்தை இருபது நாள் கையெழுத்துப் போடாமல் ஃப்ரிட்ஜ் மேலேயே வைத்திருந்தாள்.

"மண்டைல அடி பட்டா அப்புறம் மேத்ஸ் எப்படிப் போடுவான்?" என்று என்னைக் கேட்டாள்.

பையன் தமிழைப் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவன். அவன் சொன்னதை இங்கே தமிழிலேயே எழுதுகிறேன். "ஹெல்மெட் இருக்கும்மா" என்றான். அதையே இருபது நாளும் சொன்னான். கடைசியில் அவள் கையெழுத்துப் போட்டாள்.

ஆடினால் குவார்ட்டர்பேக்காகத்தான் ஆடுவேன் என்று வேறு சொன்னான். பதினோரு பேரில் பந்து முதலில் குவார்ட்டர்பேக் கைக்குத்தான் வரும். எதிராளிகள் அவனைத் தள்ளிவிடப் பாய்ந்து வருவதற்குள், இரண்டு மூன்று நொடியில், யாருக்கு எறிவது என்று அவன் முடிவெடுக்க வேண்டும். ஜெயித்தால் அவனைத் தூக்கிவைத்து ஆடுவார்கள், தோற்றால் அவன் தலைதான் உருளும். ஏறக்குறைய மேனேஜர் வேலை. எனவே இதில் கருத்துச் சொல்ல எனக்குத் தகுதி இருப்பதாக நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து வீடியோ பார்த்து, குவார்ட்டர்பேக்குக்கு என்னென்ன வேண்டும் என்று படித்துக்கொண்டேன். மறுநாள் லேப்டாப்பில் ஒரு ஷீட் போட்டு, ஐந்துக்கு இத்தனை என்று மார்க் எழுதினேன். உயரம் இரண்டு. தோள் வலு மூன்று. முடிவெடுக்கும் வேகம் ஒன்று, ஏனென்றால் தோசைக்குத் தேங்காய்ச் சட்னியா தக்காளிச் சட்னியா என்று கேட்டால் தோசை ஆறிய பிறகுதான் பதில் வரும். டிரைவ் ஒன்று. காலையில் நாலு தரம் எழுப்ப வேண்டிய பிள்ளைக்கு அதற்கு மேல் போட மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. பொட்டென்ஷியல் கட்டத்தில் 'பார்க்கலாம்' என்று எழுதி வைத்தேன்.

அந்தக் கோடையில் வீட்டிலிருந்து வேலை செய்கிற நாட்களில், பின்பக்கம் மரவேலியில் பந்து வந்து மோதும் சத்தம் ஓயவே ஓயாது. எங்கிருந்தோ ஒரு பழைய டயரைக் கொண்டுவந்து வேலிக்கு முன்னால் கட்டித் தொங்கவிட்டு, அதன் ஓட்டைக்குள் எறிந்துகொண்டிருப்பான். வெளியே கால் வைக்க முடியாத வெயில். மீட்டிங்கில் இருக்கேன், நிறுத்துடா என்று ஜன்னலைத் திறந்து கத்துவேன். நிறுத்துவான். கொஞ்ச நேரம் கழித்து, மீட்டிங் முடிந்துவிட்டதா என்று கதவருகே வந்து கேட்டுவிட்டு மறுபடி போவான். அதற்கு என் ஷீட்டில் கட்டம் எதுவும் இல்லை.

ஆகஸ்டில் பள்ளிக்கூடம் திறந்தது. கோச் மற்ற நேரத்தில் ஏழாம் வகுப்புக்கு டெக்சஸ் வரலாறு நடத்துகிறவர். கழுத்து வரை வெயிலில் சிவந்த பெரிய மனிதர். என்னைக்கூட சார் என்றுதான் கூப்பிடுவார். குவார்ட்டர்பேக் இடத்துக்கு இரண்டு பையன்கள் மிஞ்சியிருந்தார்கள், அதில் ஒருவன் எங்களுடையவன். முதல் ஆட்டத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. இப்போதே ஒருவனை முடிவு செய்தால்தான் மற்றவர்கள் அவன் எறிவதைப் பிடித்துப் பழக முடியும். கைத்திறமை இரண்டு பேருக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது, பையன்கள் எப்படிப்பட்டவர்கள் என்று பெற்றவர்களிடம் ஐந்து நிமிடம் பேச விரும்புகிறேன் என்று கோச் செய்தி அனுப்பினார். மனைவிக்கு அன்று ஆபீஸ். நான் மட்டும் போனேன்.

மைதானத்து ஓரம் எனக்கு முன்னால் நின்றவர் மற்றப் பையனின் அப்பா. அவர் பேசியது எனக்கு நன்றாகவே கேட்டது. அவர் மகன் பிறவித் தலைவனாம். தூக்கத்தில்கூட பந்து எறிகிறானாம். தோல்வி என்றால் என்னவென்றே அவனுக்குத் தெரியாதாம். பெற்ற பிள்ளையைப் பற்றி இப்படிக் கூசாமல் பேசுகிறாரே என்று நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். அடுத்து என் முறை. என் பையன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வாத்தியார் முன்னால் சொந்தப் பிள்ளையைப் புகழ்வது நம்மிடம் வழக்கமில்லை. கண் பட்டுவிடும் என்பது பாதி, கர்வம் பிடித்தவன் என்று வாத்தியார் நினைத்துவிடுவாரோ என்பது பாதி. நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் பள்ளியில் என்னைச் சேர்த்தபோது, "கண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததை உரிச்செடுங்க சார்" என்றுதான் என் அப்பா ஹெட்மாஸ்டரிடம் சொன்னார். அப்போது நான் படிப்பில் முதல். அது ஹெட்மாஸ்டருக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். இது ஒரு சம்பிரதாயம், இதில் புண்பட ஏதுமில்லை என்று நானும் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கோச் மூன்றே கேள்விகள் கேட்டார். பையனுக்கு டிரைவ் எப்படி? கொஞ்சம் சோம்பேறிதான் சார் என்றேன். தோற்றால் எப்படி எடுத்துக்கொள்வான்? எல்லாவற்றிலும் விளையாட்டுப் புத்தி சார், எதையும் சீரியஸாக எடுத்துக்கொள்ள மாட்டான் என்றேன். வீட்டில் தானாகப் பயிற்சி செய்கிறானா? படிக்க வேண்டிய நேரத்தில் சும்மா பின்பக்கம் பந்தை எறிந்துகொண்டிருப்பான் என்றேன். அதோடு விட்டேனா? நீங்கள் கண்டிப்பாக இருங்கள், திட்டுங்கள், நாங்கள் ஒன்றும் நினைக்கமாட்டோம் என்றும் சேர்த்துக்கொண்டேன். கோச் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு, நேர்மையாகப் பேசியதற்கு நன்றி சார் என்றார். அடக்கமாகப் பேசி நல்ல பெயர் வாங்கிவிட்டோம் என்ற திருப்தியோடு காரை எடுத்தேன். பையன் ஹெல்மெட்டை மடியில் வைத்து அதன் மேல் தலை சாய்த்துக்கொண்டான். களைப்பாக இருக்கும் என்று ஏசியைக் கூட்டி வைத்தேன்.

அடுத்த வாரம் பட்டியல் வந்தது. தூக்கத்தில் பந்து எறிகிறவன் குவார்ட்டர்பேக். எங்கள் பையன் இரண்டாம் அணியில் ரிசீவர், அதாவது வேறொருவன் எறிவதை ஓடிப் பிடிக்கிறவர்களில் ஒருவன். அந்த இரண்டாம் அணியிலும் எறிகிற வேலை அவனுக்கு இல்லை. அவன் அழவில்லை, கோபப்படவும் இல்லை. சாப்பிட்டான், படித்தான், தூங்கினான். அந்த வாரம் என் மீட்டிங்குகள் எல்லாம் சத்தமில்லாமல் நடந்தன.

கோச்சிடம் என்ன பேசினேன் என்று மனைவி ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள். நானும் வார்த்தை மாறாமல் சொன்னேன். அவள் சட்டென்று அடுப்பை அணைத்தாள்.

"உங்க டீம்ல தூங்கிவழியறவனுக்கெல்லாம் அபாரம்னு எழுதறீங்க. பெத்த புள்ளைக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல வாய் வரலையா?"

"நம்ம வாயால நாமளே எப்படிப் புகழறது? அவர்தான் பார்த்துப் புரிஞ்சுக்கணும்."

"அவருக்கு எப்படிங்க புரியும்? அவர் என்ன நாமக்கல்காரரா? போய்ப் பேசுங்க. நாளைக்கே போங்க."

மறுநாள் பள்ளி விடுகிற நேரத்துக்கு அரைமணி முன்னாலேயே போய், கோச்சின் வகுப்பறையில் உட்கார்ந்தேன். சுவரில் டெக்சஸ் வரைபடம். எங்கள் பக்கத்து வழக்கத்தை அவருக்கு விளக்கினேன். பெற்றவர்கள் பிள்ளையைக் குறைத்துத்தான் சொல்வோம், கேட்கிறவர் கூட்டிப் புரிந்துகொள்வார், எனவே நான் சொன்னதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, வேலை கேட்டு வந்து என்னிடம் யாராவது இப்படி விளக்கியிருந்தால் எத்தனையாவது நிமிடத்தில் அனுப்பியிருப்பேன் என்று தோன்றியது. கோச் பொறுமையாகக் கேட்டார். சரி சார், நிஜமாக உங்கள் பையன் எப்படிப்பட்டவன் என்று இப்போது சொல்லுங்கள் என்றார்.

அபாரமான பையன் என்றேன். மிகுந்த ஊக்கம், மிகுந்த பொறுப்பு. வார்த்தைகள் சரளமாக வந்தன, எல்லாம் ஆபீஸில் எழுதிப் பழகியவை. உதாரணமாக ஒன்று சொல்ல முடியுமா என்று கேட்டார். வேலை தேடி வருகிறவர்களிடம் நான் கேட்கிற அதே கேள்வி. யோசித்தேன், என் ஷீட்டின் கட்டங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. அவமானமாக இருந்தது.

கோச் என் சங்கடத்தைப் பார்த்துவிட்டு, உங்கள் பேச்சை வைத்து நான் முடிவு செய்யவில்லை சார் என்றார். அப்பாக்கள் சொல்வதை அவர் எப்போதும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லையாம். எல்லா அப்பாவும் ஒரே மாதிரிதான் பேசுவார்களாம். மாற்றிப் பேசிய முதல் அப்பா நான்தானாம். அதனால் நான் பேசிய மறுநாள் பயிற்சி முடிந்ததும் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, உன் அப்பா உன்னைச் சோம்பேறி என்கிறாரே, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருக்கிறார். குவார்ட்டர்பேக் ஆகிற பையனுக்கு அந்த இடத்தில் கோபம் வரும், அதைப் பார்க்கத்தான் கேட்டேன் என்றார்.

"அவனுக்குக் கோபம் வரலையா?" என்று என்னையறியாமல் தமிழில் கேட்டுவிட்டேன். பிறகு ஆங்கிலத்தில் கேட்டேன்.

இல்லை என்றார் கோச். அப்பா சொல்வது சரியாகத்தான் இருக்கும், ஆட்களைப் பற்றிச் சொல்வதுதான் அவர் வேலை என்று சொன்னானாம். என்னை ரிசீவராகப் போட்டுவிடுங்கள் சார் என்று அவனே கேட்டானாம். நான் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கச் சொன்னேன், அவன் கேட்கவில்லை என்றார் கோச்.

மணி அடித்தது. அவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போய், பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளும் வரிசையில் காரோடு நின்றேன். முன்னால் நாற்பது கார்கள் இருந்தன, யோசிக்கப் போதுமான நேரம் இருந்தது. அவன் வந்து ஏறி, பையைக் காலடியில் போட்டு, சீட் பெல்ட்டைப் போட்டான். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"நீ நல்லா எறியறடா. ரொம்ப நல்லா எறியற. அப்பா அன்னைக்குச் சொன்னது தப்பு."

அவன் திரும்பி என் முகத்தை நிதானமாகப் பார்த்தான்.

"கோச் சொல்லச் சொன்னாரா?" என்று கேட்டான்.