தரை படாத பாதம்

மனிதர்களின் பாதம் எனக்குப் பிடிக்காது. பிடிக்காது என்பது நாகரிகத்துக்காகச் சொல்வது, பார்த்தாலே குமட்டும். எம்ஆர்டி ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் செருப்பைக் கழற்றி, காலைத் தூக்கி மடியில் போட்டு, விரலிடுக்கைச் சொறிய ஆரம்பித்தால் அடுத்த நிலையத்தில் இறங்கி வேறு பெட்டியில் ஏறிக்கொள்வேன். எனக்கு வேலை மருத்துவமனையில், அறுவைக் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கும் பிரிவில். நாளெல்லாம் அடுத்தவர் ரத்தமும் சீழும் பட்ட கத்தி கத்தரிகளோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவளுக்கு உலகமே பிசுபிசுவென்றுதான் தெரியும். “உனக்கு மூளைக்குள்ளயும் பிளீச் ஊத்தி வெச்சிருக்கு” என்பார் என் கணவர். ஊற்றினால்தான் என்ன?

இப்படிப்பட்டவளுக்கு ஒரு மகள். ஒன்றரை வயதாகியும் அவள் நடக்கவில்லை, நிற்கக்கூட இல்லை. அக்குளில் கைகொடுத்து நிறுத்தினால், கொதிக்கிற தோசைக்கல்லில் இறக்கியதுபோல இரண்டு காலையும் மடக்கி வயிற்றோடு சேர்த்துக்கொள்வாள். தடுப்பூசிக்காகத் தெம்பனிஸ் அரசுப் பாலிகிளினிக்குக்குப் போனபோது தாதி, “நடக்கறாளா?” என்று கேட்டார். “பிடிச்சா நடப்பா” என்று கூசாமல் பொய் சொன்னேன். தாதி அவளைத் தூக்கித் தரையில் நிறுத்தினார். கால் இரண்டும் மடங்கின. என் பொய்க்கு ஆயுள் அரை நிமிடம்கூட இல்லை.

பிறகு பார்த்த குழந்தை மருத்துவர், பயப்படும்படி எதுவும் இல்லை, பிறவியிலேயே தசையில் கொஞ்சம் தளர்ச்சி இருக்கிறது, பிசியோதெரபி செய்தால் சரியாகும் என்றார். ஆனால் கால் பழக வேண்டிய வயதில் பழகாவிட்டால் பின்னால் சிரமம், மருத்துவமனையில் முறை வர மாதக்கணக்கில் ஆகும், அதுவரை சும்மா இருக்காமல் வெளியே ஒரு நல்ல பிசியோவாகப் பாருங்கள் என்றும் சொன்னார். நல்ல பிசியோ! அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவர் சொல்லவில்லை. மற்ற அம்மாக்கள் படிப்பைப் பார்ப்பார்கள், பதிவு இருக்கிறதா, குழந்தைகளோடு பழக்கமா என்று பார்ப்பார்கள். நான் கழிப்பறையைப் பார்த்தேன். கழிப்பறை சுத்தமாக இருந்தால் ஆள் சுத்தம், ஆள் சுத்தமென்றால் வேலை சுத்தம். அதுதான் என் கணக்கு.

அந்தக் கணக்குப்படி முதலில் தேர்வானது நகர நடுவில், கண்ணாடிக் கட்டடத்தில் இருந்த இடம். வாசலிலேயே காலுறை போன்ற உறையைக் கொடுத்து மாட்டச் சொன்னார்கள். அடடா என்றிருந்தது. வெள்ளைச் சுவர், எலுமிச்சை வாசம், கழிப்பறையில் சாப்பாடு போட்டால்கூடச் சாப்பிடலாம். பிசியோ, கையுறை போட்ட ஒரு சின்னப் பெண். என் மகளை ஏதோ ஒரு கம்பிச் சட்டத்துக்குள் நிறுத்தி, பட்டையால் கட்டி, எதிரே ஒரு திரையில் பொம்மைப் படத்தை ஓடவிட்டாள். மகள் கதறினாள். பிசியோவோ கடிகாரத்தைப் பார்த்தாள். இவள் கதறக் கதற, “கமான் சூப்பர்ஸ்டார்!” என்று கைதட்டிக்கொண்டே கணுக்காலை இரண்டு விரலால், ஏதோ நண்டைப் பிடிப்பதுபோலப் பிடித்து முன்னே நகர்த்தினாள். மூன்றாம் முறை போய்விட்டு வந்த அன்று மாலை, அவர்களுடைய இணையப் பக்கத்தில் என் மகளின் காணொளி. அழுகைச் சத்தத்தை அழித்துவிட்டு ஏதோ குதூகலமான இசையைச் சேர்த்திருந்தார்கள். திறந்த வாயும் வழியும் மூக்கும் அந்த இசைக்குத் தாளம் போடுவதுபோல இருந்தன. எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தூ! அந்த எலுமிச்சை வாசம் இப்போது எங்காவது வந்தாலும் எனக்கு வாயில் எச்சில் ஊறும், துப்புவதற்கு.

தலைவலி போய்த் திருகுவலி வந்தது. “நம்ம ஆளாப் பாக்கலாம்” என்றார் கணவர். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்தவர். நம்ம ஆள் என்றால் பாதி வேலை முடிந்தது என்ற நம்பிக்கை அவருக்கு. சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், கடை வீட்டின் மாடியில் இருந்தது அந்த இடம். கீழே மசாலா அரைக்கிற நெடி, படிக்கட்டின் மூலையில் வெற்றிலைச் சாறு. கருமம், மூக்கைப் பொத்திக்கொண்டே படியேறினேன். மேலே இருந்தவர் முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். எண்ணெய் விரலைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு, நேராக என் மகளின் பாதத்தைப் பிடித்தார்.

“பொம்பளப் புள்ளதானே? எல்லாம் மெதுவாத்தான் வரும். என்கிட்ட விடுங்க, தீபாவளிக்கு ஓட வெச்சுக் காட்டறேன்.”

“உங்க பதிவு எண்ணைப் பாக்கலாமா சார்?” என்று கேட்டேன். அவர் சுவரைக் காட்டினார். சட்டம் போட்டு மாட்டியிருந்த தாளில், இரண்டு நாள் பயிற்சி முகாமில் கலந்துகொண்டார் என்று எழுதியிருந்தது. நான் அதைப் படித்து முடிப்பதற்குள் அவர் குழந்தையின் முழங்காலை அழுத்தி நீட்டினார். அவள் போட்ட சத்தத்தில் கீழே மசாலா இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். பிடுங்கிக்கொண்டு இறங்கினேன். பின்னாலேயே இறங்கி வந்த கணவரிடம், “நம்ம ஆளு! போங்க, போய்க் கட்டிப் பிடிச்சுக்கங்க” என்றேன். தெருமுனை வருவதற்குள் மூன்று ஈரத்தாளால் அவள் பாதத்தைத் துடைத்துவிட்டேன். அவள் பாதத்தை நீட்டி, மூக்கைச் சுருக்கி, “ச்சீ” என்றாள்.

இதைச் சொல்ல வேண்டும். ‘அம்மா’ வருவதற்கு முன்பே அவளுக்கு வந்த சொல் ‘ச்சீ’. அதை எவ்வளவு அழகாகச் சொல்வாள் தெரியுமா! மூக்கு சுருங்கும், உதடு கோணும், கை உதறும். என்னை உரித்து வைத்திருக்கிறாள் என்று காணொளி எடுத்து எல்லாருக்கும் அனுப்பியிருந்தேன். காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு.

மூன்றாவது இடத்தைச் சொன்னவர் என்னோடு வேலை பார்க்கும் சீன அக்கா. அவர் மகனும் நேரம் கழித்துத்தான் நடந்தவன். “அங்கே போ லா, நல்ல ஆள்” என்றார். பிடோக்கில் ஒரு அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், முடிவெட்டும் கடைக்கும் மளிகைக் கடைக்கும் நடுவில் ஒரு அறை. கதவைத் திறந்தவர் ஐம்பது வயது தாண்டிய மலாய் அம்மா. வெறுங்கால். பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் என் கண் அங்கேதான் போகும். குதிகால் முழுக்கப் பித்தவெடிப்பு. தரையில் விரித்திருந்த பாயில் பழுப்பாக ஒரு கறை, உலகப்படத்தில் ஆஸ்திரேலியா மாதிரி. கழிப்பறையைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை என்று திரும்பினேன். கணவர் என் பையைப் பிடித்து இழுத்தார். “பதிவு எண் கதவுலயே ஒட்டியிருக்கு. ஒரு அரை மணி நேரம். எனக்காக.”

அந்த அம்மா என் மகளைத் தொடவே இல்லை. பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு பந்தைத் தனக்குத்தானே உருட்டி விளையாடினார். இது என்ன கூத்து என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் கழித்து என் மகள் என் மடியிலிருந்து சரிந்து, பந்தைப் பார்த்துப் பிட்டத்தால் நகர்ந்தாள். அதற்குப் பிறகுதான் அவர், “உன் காலைக் கொஞ்சம் தொடலாமா?” என்று அவளிடமே கேட்டார். காலுறையைக் கழற்றினார். பாதத்தைத் தன் உள்ளங்கையில் ஏந்தி, பெருவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். அதை என் தமிழில் சொல்கிறேன்.

“வீட்டுல தரையில எவ்வளவு நேரம் இருக்கா?”

“நாள் முழுக்கத் தரையிலதான்” என்றேன். இரண்டாவது பொய். பகலில் சாரோங் துணித் தொட்டில், அது இல்லாவிட்டால் இடுப்பு, அதுவும் இல்லாவிட்டால் உயர நாற்காலி. காலில் எந்நேரமும் காலுறை. தரையில் விட்டால் அடுத்த நிமிடம் கையை வாயில் வைப்பாளே!

அவர் பொய்யை மறுக்கவில்லை. பாதத்தை மெல்லப் பாயில் வைத்தார். மகள் காலை இழுத்துக்கொண்டு ஒரு சொல் சொன்னாள். மறுபடி வைத்தார். மறுபடி இழுத்தாள், சொன்னாள்.

“ஒவ்வொரு தடவையும் ஒரே சொல் சொல்றா. சொல்லிட்டு உடனே உங்க முகத்தப் பாக்கறா. ‘ச்சீ’ன்னா என்ன?”

கணவர்தான் சொன்னார்: “அசிங்கம்.”

“எத அப்படிச் சொல்றா?”

“எல்லாத்தையும்” என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

அந்த அம்மா எழுந்து உட்கார்ந்தார். “தசை தளர்ச்சி உங்க தப்பு இல்ல. அத நான் பாத்துக்கறேன். ஆனா அவளுக்குத் தரை மேல நம்பிக்கை இல்ல. கால வைக்கலாமா வேண்டாமான்னு உங்க முகத்தப் பாத்துத்தான் முடிவு பண்றா. உங்க முகத்துக்கு என்கிட்ட எக்ஸர்சைஸ் கிடையாதும்மா.”

அவளுக்குக் காலுறை மாட்டக்கூட மறந்து, ரயிலில் எரிந்துகொண்டு வந்தேன். “என் மூஞ்சியப் பத்திப் பேச இவ யாரு? மொதல்ல தன் குதிகாலப் பாக்கச் சொல்லுங்க!” கணவர் அமைதியாக, “சரி, வேற ஆளப் பாப்போம்” என்றார். அப்போது மடியில் இருந்தவள், பாயிலிருந்து விரலிடுக்கில் ஒட்டிவந்த ஒரு நூலைக் கண்டுபிடித்தாள். காலைத் தூக்கி என்னிடம் நீட்டினாள். மூக்கைச் சுருக்கினாள். அந்த முகம் என் முகம். அழகு என்று ஊரெல்லாம் அனுப்பினேனே, அதேதான். அதுவரை ஊரில் உள்ள அத்தனை பேரையும் பார்த்து அருவருத்த எனக்கு, என்னைப் பார்த்து அருவருக்க அன்றுதான் நேரம் வந்தது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாலாவது தலையோடு போகும். நான் பிள்ளையின் காலில் போட்டிருக்கிறேன்.

“அடுத்த புதன் எத்தன மணிக்கு வரச் சொன்னாங்க?” என்று கேட்டேன்.

அப்புறம் வாரா வாரம் பிடோக். தொட்டிலைக் கழற்றினோம், காலுறைகளைக் கட்டி அலமாரியின் மேல் போட்டோம். அந்த அம்மா குழந்தையை ஒருநாளும் அழவிட்டு வேலை வாங்கவில்லை, அழுதால் நிறுத்திவிடுவார். இரண்டு மாதத்தில் மகள் சோபாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பக்கவாட்டில் நகர்ந்தாள். ஆனால் அதெல்லாம் நான் காலையும் மாலையும் துடைத்த எங்கள் வீட்டுத் தரையில்தான். வெளியே எங்கே இறக்கினாலும் பழைய கதை. அந்த அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: “நீங்க கோயிலுக்குப் போவீங்கல்ல? அங்க எல்லாரும் வெறுங்கால்தானே? எங்க பள்ளிவாசல் மாதிரி. அதவிட நல்ல இடம் எங்க இருக்கு?”

அவரிடம் நான் சொல்லாதது, நான் கோயிலுக்குள் காலுறை போட்டுக்கொண்டு போகிறவள். சிராங்கூன் ரோட்டுக் கோயிலில் காலைக் கழுவிவிட்டு ஊரே ஈரக்காலோடு நடக்கும். அந்த ஈரத்தில் திருநீறு, நசுங்கிய பூ, சிந்திய பால். நான் சாமியைப் பார்ப்பதைவிடத் தரையைப் பார்ப்பதுதான் அதிகம். வெளியே வந்ததும் காலுறையைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் மூடி எடுத்துப்போவேன்.

அந்தச் சனிக்கிழமை காலை காலுறை இல்லாமல் போனேன். குழாயடியில் பாதம் நனைந்ததும் உடம்பெல்லாம் கூசியது. பல்லைக் கடித்துக்கொண்டேன். உள்ளே, தூணோரமாகக் கணவர் மகளை இறக்கி, ஒரு விரலைப் பிடிக்கக் கொடுத்தார். நான் நாலடி தள்ளி எதிரே குந்தி உட்கார்ந்தேன். அவள் இடது பாதம் ஈரத்தில் பட்டது. விரல்கள் சுருண்டன. என் முகத்தைப் பார்த்தாள். சிரித்தேன், அது என்ன சிரிப்போ, எனக்கே தெரியாது. அவள் மற்ற காலையும் வைத்தாள். அந்தக் கால் போய் இறங்கிய இடத்தில் யாரோ கொட்டிவிட்டுப் போன சர்க்கரைப் பொங்கல் கிடந்தது. விரலிடுக்கு வழியாகப் பிதுங்கி வெளியே வந்தது.

அவள் வாய் கோண ஆரம்பித்தது. கணவர் பதறி, “பிரசாதம்டா கண்ணு, அத ச்சீன்னு சொல்லக் கூடாது” என்றார். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, “ஐயோ, பிரசாதத்தக் குழந்தை மிதிக்குது, தூக்குங்க” என்றார். மகள் எங்கள் யாரையும் கேட்கவில்லை. அப்பா விரலைப் பிடித்தபடியே குனிந்து, காலடியில் நசுங்கிய பொங்கலை ஒரு பிடி அள்ளினாள். அவரையும் இழுத்துக்கொண்டு நாலடி வந்தாள். கையை என் வாய்க்கு நேராக நீட்டினாள்.

ஊரார் கால்பட்ட தரை. என் மகள் மிதித்த பொங்கல். அதில் ஒரு முடி வேறு ஒட்டியிருந்தது. அவள் கண் என் மூக்கில் இருந்தது, அது சுருங்குகிறதா என்று.

வாயைத் திறந்தேன். நெய், வெல்லம், ஒரு முந்திரித் துண்டு, பிறகு நறநறவென்று ஏதோ. அது என்னவென்று யோசிக்காமல் மென்றேன். விழுங்கினேன். “நல்லாருக்குடி தங்கம்” என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு அப்பாவின் விரலை விட்டுவிட்டுத் திரும்பினாள். ஒரு அடி. ஆடினாள். இன்னொரு அடி. யார் கையும் பிடிக்காமல், ஈரத்தில் தப்தப்பென்று பாதம் வைத்து, இன்னொரு பிடி அள்ளி வரப் போனாள். நான் அந்தத் தரையிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்து, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.